நூற்றிரண்டாவது ஒப்பு

சுடலைக்கண்ணு இறந்துபோன அன்றைக்குக் கிராமசபைக் கூட்டத்துக்கு வந்திருந்தார் என்று பஞ்சாயத்துப் புத்தகம் சொல்கிறது. அவர் உயிர் போனது காலை பத்து நாற்பதுக்கு, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில். கூட்டம் தொடங்கியது பதினொன்றுக்கு, பொன்முடி போகிற வழியில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போன எஸ்டேட்டின் பழைய பிள்ளைக்கொட்டகையில். நடுவில் ஐம்பது கிலோமீட்டர் ரோடும், கல்லாறு தாண்டியதும் தொடங்குகிற கொண்டை ஊசி வளைவுகளும் இருக்கின்றன. நல்ல காலத்திலேயே அந்த மனுஷன் இருபது நிமிஷத்தில் அவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. ஆனாலும் புத்தகத்தில் நூற்றிரண்டாவது வரியில் அவர் பெயர் இருக்கிறது. அவசரம் இல்லாமல், சுழியெல்லாம் ஒழுங்காகச் சுழித்துப் போட்ட பெயர்.

கையெழுத்தை மலையில் ஒப்பு என்றுதான் சொல்வார்கள். அந்த ஒப்பைப் போட்டது அவர் மனைவி உலகம்மை. எஸ்டேட் வேலைக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் நாற்பது வீட்டுக்கும் அது தெரியும். அவர்களுக்கு அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. எஸ்டேட் ஃபாக்டரியில் கொழுந்து உருட்டுகிற மிஷின் இருபது வருஷத்துக்கு முன்னால் சுடலைக்கண்ணுவின் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பேனா பிடிப்பது உலகம்மைதான். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், யூனியன் ஆபீஸ், எங்கே போனாலும் அவர் பெயரை அவள் எழுதினாள். முதலில் பழைய ஒப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். இரண்டு வருஷத்தில் அது அவள் கைக்கு வந்துவிட்டது. தன் பெயரை அவள் எழுதியது சம்பள ரெஜிஸ்டரில் மட்டும். சம்பளம் பேங்குக்குப் போக ஆரம்பித்த பிறகு அதுவும் நின்றுபோனது. லயத்தில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். வீட்டுக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு கை. யாருடைய பெயரை யாருடைய கை போட்டது என்று மலையில் ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்பதற்கு ஆள் கீழேயிருந்துதான் வரவேண்டியிருந்தது.

அதிகாரமெல்லாம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டது என்று பேசுகிறார்கள். உண்மைதான், வந்தது. வார்டுக்கு என்ன வேண்டும் என்று வார்டு ஜனமே உட்கார்ந்து தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானத்தை மேலே கொண்டுபோவதற்குப் படிவங்களும் கூடவே வந்தன. அந்த வார்டில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. பத்தில் ஒருவராவது வந்து உட்கார்ந்து ஒப்புப் போட்டால்தான் கூட்டம் கூட்டமாகும். கணக்குப் போட்டால் நூற்றிரண்டு பேர். நூற்றொன்று என்றால் அத்தனை பேரும் சும்மா வந்து சாயா குடித்துவிட்டுப் போனதாக அர்த்தம்.

அந்த வருஷம் வார்டுக்குக் கிடைக்கிற பங்கில் ஒரே ஒரு பெரிய வேலைதான் செய்ய முடியும். மேலே லயத்துக்காரர்களுக்கு ரோடு வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து லயத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கல்லுப்பாதை. முன்பு ஜீப் வந்த பாதைதான், ஒரு மழையில் மலை சரிந்து பாதி போய்விட்டது. எஸ்டேட் நிலம் என்பதால் பஞ்சாயத்து அங்கே ஒரு சட்டி மண்கூடப் போட முடியாமல் இருந்தது. போன வருஷம்தான், வார்டு மெம்பர் பூமாரி எட்டு மாதம் நடையாய் நடந்து, பாதையை மட்டும் பஞ்சாயத்துக்கு விட்டுக்கொடுப்பதாகக் கம்பெனியிடம் கடிதம் வாங்கினாள். கீழே கல்லாற்றுக் கடைக்காரர்களுக்குக் கக்கூஸும் வண்டி நிறுத்த இடமும் வேண்டும். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆற்றைப் பார்க்க வருகிற கூட்டத்தை விடுங்கள், அங்கே கடையில் நிற்கிற பெண்களுக்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒதுங்க இடமில்லை.

ஜனவரி மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். ரோடு ஜெயித்தது. கல்லாற்றில் சாயாக்கடை வைத்திருக்கிற பிஜுவும் அவன் ஆட்கள் ஏழெட்டுப் பேரும் புத்தகம் தங்கள் பக்கம் வருமுன்பே எழுந்து போய்விட்டார்கள். எண்ணிப் பார்த்தால் நூற்றொன்று. கூட்டத்தைத் தள்ளிப்போட்டு மறுபடி கூட்டினால் ஐம்பது பேர் போதும். ஆனால் அதற்கு நோட்டீஸ் கொடுத்து நாள் விட வேண்டும், வேலைப் பட்டியல் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியோ செவ்வாய்க்கிழமை. "இன்னும் யாராவது போடாம இருக்கியளா?" என்று பூமாரி தொண்டை வலிக்கக் கேட்டாள். பின்வாசலில் சாயா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த உலகம்மை, "நான் போடல" என்று ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பேனாவை வாங்கினாள். கை பழகிய பெயரைப் போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து மேலே வந்திருந்தாள். ஒன்பது நாளாகச் சுடலைக்கண்ணு அங்கே கிடந்தார், மகள் கலைச்செல்வி கூட இருந்தாள். இன்ஷூரன்ஸ் அட்டையும் மெம்பர் தருகிற ஒரு சர்ட்டிபிகேட்டும் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அதை எடுக்க வந்தவள், ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி பஸ்ஸுக்குத் திரும்ப இருந்தாள். லயத்தில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. மேலே பாறையில் ஏறி நின்றால்தான் மணி அடிக்கும். ஒரு மணிக்கு மேல் பூமாரியின் புருஷன் இசக்கி அங்கே ஏறினான். இறங்கி வந்தவன் உலகம்மை முன்னால் நின்று தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

அவள் அழவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். மயானத்திலும் அழவில்லை, பதினாறாம் நாள் காரியத்திலும் அழவில்லை. மறுநாள் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பூமாரி நோட்டீஸ் கொண்டுவந்தபோது உலகம்மை பதினேழாம் ஃபீல்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. நாலு செடிக்கு அப்பால் நிற்கிற ஆள் தெரியாது, கை கொழுந்தை ஒடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். பூமாரி மெம்பர் ஆவதற்கு முன்னால் இதே நிரையில் உலகம்மைக்குப் பக்கத்தில் நின்றவள்தான். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுச் செடிக்குள் இறங்கினாள். பேசவந்த விஷயத்தைத் தொடங்கத் தெரியாமல் அவளும் பத்துக் கொழுந்து கிள்ளி உலகம்மையின் கூடையில் போட்டாள்.

"மதினி, கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"நீ சொல்லு. கை பாட்டுக்கு எடுக்கும், காது பாட்டுக்குக் கேக்கும்."

"பிஜு நம்ம கூட்டத்து மேல பராதி குடுத்திருக்கான். இன்க்வயரிக்கு திருவந்தரத்துலேர்ந்து ஆபீசர் வாராரு. வியாழக்கெழம பதினோரு மணி. உங்களயும் வரச்சொல்லி நோட்டீஸ்."

"நான் என்னட்டி செஞ்சேன்?"

"அண்ணன் ஒப்பு."

உலகம்மை இரண்டு செடி தாண்டினாள்.

"அது நான் எப்பயும் போடுததுதான. ஆளு நான் உள்ளதான இருந்தேன். அம்புட்டு பேத்துக்கும் கட்டன்சாயா போட்டது ஆரு?"

"எனக்குத் தெரியும் மதினி. கூட்டத்துல இருந்த எல்லாத்துக்கும் தெரியும். புக்குக்குத் தெரியாதே. புக்குல உங்க பேரு இல்ல."

உலகம்மையின் கை செடிமேல் நின்றது. அவளுக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அவர் பெயரைப் போட்டால் தன் பெயரும் போட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரு இல்லையா?"

"இல்ல. அண்ணன் பேரு இருக்கு. அன்னைக்கு காலைலயே அண்ணன்..." பூமாரி நிறுத்திக்கொண்டாள். "டெத் சர்ட்டிபிகேட்ல மணி போட்டிருக்கு. அதயும் சேத்துக் குடுத்திருக்கான்."

"அடிச்சிட்டு என் பேர எழுதச் சொல்லு."

"புக்குல இனி ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. அண்ணன் ஒப்ப அடிச்சா நூத்தியொண்ணு. ரோடு போச்சு. அந்த பைசா கக்கூஸுக்குப் போவும்."

"நான்தான் போட்டேன்னு சொல்லுதேன். பின்ன என்ன?"

பூமாரி நினைத்திருந்தால் சரி மதினி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். ரோடு அவளுடைய எட்டு மாத நடை, அடுத்த தேர்தலில் அவள் பேரும் அதுதான். நோட்டீஸை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"மதினி, இன்னொண்ணு கெடக்கு. அண்ணன் பேர்ல வீட்டுக்குக் குடுத்த அபேட்சயோட காப்பியும் வச்சிருக்கான். ரெண்டுலயும் ஒரே கைன்னு எழுதியிருக்கான். புக்குல போட்டது நான்தான்னு நீங்க சொன்னா, அதுல போட்டதும் நீங்கதான்னு ஆயிரும். அப்ளிகேஷன் தள்ளிருவாவ."

பஞ்சாயத்தின் வீட்டுத் திட்டத்தில், நிலமும் இல்லாமல் வீடும் இல்லாதவர்கள் பட்டியலில், சுடலைக்கண்ணு பதினாலாவது. விதுராவுக்குக் கீழே மூன்று சென்ட் நிலமும் இரண்டு அறை வீடும். அவர் போனாலும் அந்த நம்பர் மனைவிக்கு வரும். உலகம்மைக்கு ஐம்பத்து நாலு வயது. ஐம்பத்தெட்டில் எஸ்டேட் கணக்கு முடிக்கும், முடித்தால் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு தலைக்குமேல் இருக்கப்போவது அந்தப் பதினாலாம் நம்பர் மட்டும்தான்.

"பஞ்சாயத்து செக்ரட்டரி மஹேஷ் சார் சொன்னாரு," என்றாள் பூமாரி, செடியைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொன்னா போதுமாம். புக்குல ஆரோ கள்ள ஒப்பு போட்டிருக்காவன்னு முடிச்சிருவாவளாம். வீட்டுக்கு ஒரு கொழப்பமும் வராதாம்."

"அப்ப ரோடு?"

"ரோடு போவும்."

"நீ என்ன சொல்லுத?"

"நான் ஒண்ணும் சொல்லல மதினி. நான் சொல்லக் கூடாது."

கீழே சூப்பர்வைசர் விசில் ஊதினான். கொழுந்தை எடை பார்த்து நிறை போடுகிற நேரம். உலகம்மை கூடையைத் தூக்கினாள். அன்றைக்கு அவள் கொழுந்து இருபத்து மூன்று கிலோ. பக்கத்து நிரைக்காரி பதினெட்டு. துக்கத்தில் இருப்பவளுக்கு இப்படிக் கை ஓடுமா என்று பின்னால் யாரோ பேசியது அவள் காதிலும் விழுந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. அது தன்னைப் பற்றியது என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை பாதி நாள் வேலை முடித்து ரேஷன் வாங்கக் கீழே போனாள். திரும்புகிற பஸ்ஸுக்குக் கல்லாற்றில் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்து உருண்டைப் பாறைகள் வெளியே கிடந்தன. பாறைமேல் நின்று படம் பிடிக்கிற பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிஜு கடையிலிருந்து அவளைப் பார்த்தான், பார்க்காதவன் மாதிரி அடுப்பைக் கிளறினான். அவன் மனைவி ஜிஷாதான் வெளியே வந்து, "உலகம்மச்சேச்சி, வெயில்ல நிக்கண்டா, இங்க வந்து இரி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தாள். சாயாவும் ஒரு பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தாள். காசு எடுத்ததற்கு வாங்கவில்லை.

பிஜு கொஞ்ச நேரம் கழித்துத் தோளில் துண்டோடு வந்து எதிரே நின்றான். அவனுக்குத் தமிழ் நன்றாக வரும். லயத்துப் பிள்ளைகளோடு படித்தவன்.

"சேச்சி, எனக்கு உங்களோட ஒரு விரோதமும் இல்ல, கேட்டோ. சுடலயண்ணன் எத்தன தடவ இந்தப் பெஞ்சுல இருந்து சாயா குடிச்சிருக்கு."

"ம்."

"இவ இருக்கால்லோ, ஜிஷா. காலம்பற ஆறு மணிக்குக் கட தொறந்தா ராத்திரி ஏழு மணி வர தண்ணி குடிக்க மாட்டா. என்னத்துக்குன்னு சேச்சிக்குத் தெரியும். போன மாசம் மூத்திரத்துல ரத்தம் போயி நெடுமங்காட்டு ஆஸ்பத்திரில கெடந்தா. பத்து வருஷமா கேக்கோம். எப்ப பாத்தாலும் அடுத்த கொல்லம், அடுத்த கொல்லம்."

"ம்."

"மரிச்ச ஆள் பேரு போட்டதுனால நான் பிடிச்சேன். அதுக்காவ சேச்சியோட வீட்டக் கெடுக்கணும்னு நான் நெனைக்கல. வக்கீல்தான் ரெண்டயும் சேத்து வைக்கச் சொன்னான்."

உலகம்மை ஜிஷாவைப் பார்த்தாள். அந்தப் பெண் முகம் வெளுத்துத்தான் இருந்தது. "இப்ப சொகமாயிட்டா?" என்று கேட்டாள்.

"இப்ப கொறஞ்சிருக்கு சேச்சி," என்றாள் ஜிஷா.

"தண்ணி குடி," என்றாள் உலகம்மை. பஸ் வந்தது. பழம்பொரியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏறினாள்.

இறங்கி, அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு கல்லுப்பாதையில் ஏற நாற்பது நிமிஷம் ஆனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு இந்த வழியாகத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, இரண்டு மூங்கில் கொடுத்து நாலு பேர் தோளில் எடுத்தார்கள். கல்லெல்லாம் பனியில் நனைந்து வழுக்கியது. சரிந்த இடத்தில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்க வேண்டியிருந்தது. அங்கேதான் இசக்கி வழுக்கி விழுந்தான். விழும்போதும் மூங்கிலை விடவில்லை, மணிக்கட்டு உடைந்தது. ரோட்டுக்கு வர ஒரு மணி பத்து நிமிஷம். உலகம்மை பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு வந்தாள். நாற்காலியில் அவர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்ததை அவள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் சொன்னாள். அதற்குமேல் அவள் சொன்ன இங்கிலீஷ் உலகம்மைக்குப் புரியவில்லை.

வீட்டில் கலைச்செல்வி வந்திருந்தாள். நெடுமங்காட்டில் துணிக்கடையில் நிற்கிறாள், ஹாஸ்டலில் தங்கல். விஷயம் கேள்விப்பட்டு இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தாள். மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் தட்டி வைத்திருந்தாள். வெளியே வெயில் இறங்கி, எதிர்மலை பாதி மஞ்சளாக இருந்தது.

"அம்மா, நாளைக்கு என்ன சொல்லப் போற?"

"சாரு என்ன கேக்காரோ அதுக்குச் சொல்லணும்."

"தெரியாதுன்னு சொல்லு. அது போதும். மஹேஷ் சாரே சொல்லியாச்சுல்லா."

"ம்."

"ம், ம்னு மூளிட்டு இருக்காத. நாலு வருஷம் கழிச்சு எங்க போயி இருப்ப? என் ஹாஸ்டல்லயா? அந்த அபேட்ச குடுக்க நீ எத்தன மட்டம் கீழ போயிட்டு வந்த? அப்பா ஒரு வீடு, ஒரு வீடுன்னு சொல்லிச் சொல்லி..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரோடு வந்தா எல்லாத்துக்கும் வரும். வீடு போனா நமக்கு மட்டும்தான் போவும்."

உலகம்மை மரச்சீனியை மிளகாயில் தொட்டு வாயில் போட்டாள். எரிப்பு கூடத் தெரியவில்லை. இருபது நாளாக எதிலும் அவளுக்கு ருசி தெரியவில்லை.

"நீ ஒரு தடவ கூட என்கிட்ட கேக்கல," என்றாள் கலைச்செல்வி.

"என்னத்த?"

"அப்பா எப்படிப் போச்சுன்னு. நான்தான் கூட இருந்தேன். கடைசில உன்னத்தான் கேட்டுச்சு. எங்க அவள, வந்துட்டாளான்னு..."

"பழம்பொரி இருக்கு," என்றாள் உலகம்மை. "ஜிஷா குடுத்தா. ஆறிப்போச்சு, சுட வச்சுத் தின்னு."

மகள் தாயை வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

வியாழக்கிழமை ஆபீசர் பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். பெயர் கோமதிநாயகம். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளக் கடைகளுக்குக் கணக்கெழுத வந்த குடும்பம், இவர் வரையில் பேனா கையைவிட்டுப் போகவில்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே ஜீப்பிலிருந்து இறங்கினார். மெயின் ரோட்டிலிருந்து பிள்ளைக்கொட்டகைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம் என்று சொன்னபோது, "அதுக்குத்தானே இந்த வழக்கே" என்றார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

முதலில் பூமாரியிடம் கேட்டார், பிறகு பிஜுவிடம், பிறகு லயத்து ஆட்கள் நாலு பேரிடம். அன்றைக்குக் கூட்டத்தில் உலகம்மை இருந்தாளா என்று கேட்டதற்கு எல்லோரும் இருந்தாள் என்றார்கள். பிஜுவும், "இருந்தாங்க சார். சாயா தந்தது அவங்கதான்" என்றான். கடைசியாக உலகம்மையைக் கூப்பிட்டார். கலைச்செல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இரிங்க அம்மா. நான் பேனா எடுக்கறதுக்கு முன்னால ஒரு காரியம் சொல்லிடறேன். எழுதிட்டா பிறகு எனக்கும் மாத்த முடியாது, உங்களுக்கும் முடியாது. மனசிலாச்சா?"

"ம்."

"இது புக்குல உள்ள ஒப்பு. இது வீட்டு அபேட்சையில உள்ள ஒப்பு. இந்த புக்கு ஒப்பு நீங்க போட்டதுன்னு சொன்னா, அன்னிக்கு நீங்க நேர்ல இருந்ததுக்கு இத்தனை சாட்சி இருக்கு. பேரு மாறிப்போச்சு, ஆளு உண்டுன்னு என்னால எழுத முடியும். நூற்றிரண்டு நிக்கும். ரோடும் நிக்கும். ஆனா இந்த அபேட்சையும் உங்க கைதான்னு ஆகும். அது தள்ளிப்போகும். உங்க பேர்ல புதுசா குடுக்கலாம். அந்தப் பட்டியல் இனி எப்ப திறக்கும்னு எனக்குத் தெரியாது."

"ம்."

"நீங்க போடலைன்னு சொன்னா, அபேட்சையை நான் தொட மாட்டேன். வீடு உங்களுக்கு வரும். புக்குல உள்ளது கள்ள ஒப்புன்னு எழுதுவேன். ரோடு நிக்காது. ரெண்டும் சேர்ந்து கிடைக்கிற மாதிரி எழுத நான் ஆலோசிச்சுப் பார்த்தாச்சு. வழியில்ல."

ஓட்டைத் தகரத்தின் வழியாக வெயில் மேஜையில் விழுந்தது. உலகம்மை புத்தகத்தைப் பார்த்தாள். வரிசையாகத் தெரிந்த பெயர்கள், கோணல் எழுத்துகள், நாலைந்து பெருவிரல் ரேகை. கடைசியில் அவர் பெயர். நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"நான் போடலன்னு சொன்னா, அன்னைக்கு நான் இங்க வரலன்னு ஆவுமா?"

"புக்குப்படி நீங்க வரலைன்னுதான் ஆகும்."

"அவியளும் வரல."

"அவர் எப்படி வர முடியும் அம்மா?"

உலகம்மை புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். பேசும்போது குரலில் ஏற்றம் இறக்கம் ஒன்றும் இல்லை.

"அவிய சாவும்போது நான் பக்கத்துல இல்ல சார். என்னக் கேட்டாவளாம். நான் இல்ல. இங்கயும் இல்லன்னு எழுதிட்டா, நான் அந்நேரம் எங்கதான் இருந்தேன்?"

கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சாவு என்ற சொல்லை அம்மா வாயிலிருந்து கலைச்செல்வி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

"இங்கதான் இருந்தேன். கிளாஸ் கழுவிட்டு இருந்தேன். நான்தான் போட்டேன், அதுவும் இதுவும். எழுதிக்கோங்க."

"அம்மா," என்றாள் கலைச்செல்வி வாசலிலிருந்து.

அவர் மலையாளத்தில் எழுதினார், தமிழில் வாசித்துக் காட்டினார். கீழே அவளுடைய சொந்தப் பெயரைப் போடச் சொன்னார். உலகம்மை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஐந்து எழுத்துக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. கோமதிநாயகம் அவசரப்படுத்தவில்லை. பட்டியலில் பதினாலாம் நம்பருக்கு நேரே பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டார். "என் ரிப்போர்ட் இப்படித்தான் போகும். ரோட்டை இனி யாரும் தொட மாட்டாங்க" என்று பூமாரியிடம் சொன்னார். அப்புறம் உலகம்மையைக் கும்பிட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

ஆட்கள் கலைந்தார்கள். பிஜு தனியாக இறங்கிப் போனான். கலைச்செல்வி ஆபீசர் குடித்த கிளாஸைக் கழுவினாள், அம்மா பக்கம் திரும்பவில்லை. உலகம்மை கொட்டகை வாசலில் நின்று கூடையை மாட்டினாள். சாயங்கால நிறைக்கு இன்னும் நேரம் இருந்தது.

பூமாரி பக்கத்தில் வந்தாள். "மதினி, வீடு போச்சே" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"ஆமா."

"நான் உங்களுக்கு இனி என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியல."

"நீ ஒண்ணும் செய்யாண்டாம். மழைக்கு முன்னால போட்டுருவாவளா?"

"போட்டுருவாவ. மார்ச்சுக்குள்ள எழுத்துவேலை முடிஞ்சா, ஏப்ரல்ல கல்லு எறக்கிருவாவ."

"ஜீப்பு வருமா?"

"லயத்து வாசல் வரைக்கும் வரும் மதினி. ஆம்புலன்ஸே வரும்."

"எம்புட்டு நேரம் ஆவும்? இங்கேருந்து மெயின் ரோட்டுக்கு?"

பூமாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு மனசுக்குள் கணக்குப் பார்த்தாள்.

"என்ன, ஒரு பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்," என்றாள் உலகம்மை.

கூடையின் வார் தோளிலிருந்து நழுவியது. அவள் அதைப் பிடிக்கவில்லை. "பத்து நிமிஷமா பூமாரி" என்று இன்னொரு தடவை கேட்டாள். கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இருபது நாளாக வராத அழுகை வந்தது. கலைச்செல்வி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அந்த நிரையில் யாரும் கொழுந்து எடுக்கப் போகவில்லை.